பிள்ளைக்கு எவ்வளவு சாப்பாடு போதும்? அம்மாக்களும் ஆயாக்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அங்கன்வாடியில் 17 வருடம் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறியிருக்கிறேன். பிள்ளையைக் கூப்பிட வருகிறவர்கள் வாசலிலேயே கேட்பது ஒன்றுதான்: "இன்னிக்கு சாப்பிட்டானா டீச்சர்?" சாப்பிட்டான் என்று சொன்னால், "எவ்வளவு சாப்பிட்டான்?" அந்த "எவ்வளவு"தான் எல்லா வீட்டிலும் பிரச்சினை. பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும், அதைப் பிள்ளைக்கே எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். ஒன்று முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்துப் படியுங்கள்.

1. "டீச்சர், என் பொண்ணுக்கு ரெண்டு வயசு ஆகப்போகுது. ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு வைக்கணும்?"

ஒரு வயது முடிந்ததிலிருந்து இரண்டு வயது வரை, ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் கிண்ணத்திலிருந்து ஒரு கிண்ணம் வரை போதும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை இப்படி, நடுவில் ஒன்றிரண்டு தடவை சிறுதீனி. ஒரு கிண்ணம் என்றால் வெறும் சோறு ஒரு கிண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள். சோறு, பருப்பு, காய், நெய் எல்லாம் பிசைந்த பிறகு வரும் அளவு அது. காலையில் இட்லி என்றால் ஒன்று, பசி இருந்தால் இரண்டு. இரண்டு வயதுக்கு மேல் இதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1010 கலோரி தேவை. நான்கு முதல் ஆறு வயதுக்கு 1360. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு 2110. அதாவது மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்பா சாப்பிடுவதில் ஏறக்குறைய பாதி. ஆனால் அப்பா மூன்று வேளையில் சாப்பிடுவதன் பாதியைப் பிள்ளை ஐந்து வேளையாகப் பிரித்துச் சாப்பிடுகிறது. அதனால் ஒரு வேளைக்கு என்று பார்த்தால் அப்பா தட்டில் பாதிகூட வராது. நாம் பாதித் தட்டு வைத்துவிட்டு, "சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்று கவலைப்படுகிறோம்.

2. "கிண்ணம், மில்லி எல்லாம் நமக்கு வராது. கையால அளக்க ஏதாவது வழி இருக்கா?"

இருக்கிறது. ஆனால் உங்கள் கை வேண்டாம், பிள்ளையின் கையை வைத்து அளந்து பாருங்கள். பிள்ளை முஷ்டியை மடக்கச் சொல்லுங்கள். சோறு முதலில் அந்த முஷ்டி அளவு. விரல் இல்லாமல் உள்ளங்கை மட்டும் எவ்வளவோ, அவ்வளவு மீன் துண்டு அல்லது கோழிக்கறி. பொரியல், பிள்ளை ஒரு கையைக் குழித்தால் கொள்ளும் அளவு. முட்டை ஒன்று. பிள்ளை வளர வளரக் கையும் வளரும். அளவை மாற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை.

காய் பிடிக்காத பிள்ளைக்கு இன்னும் எளிதான கணக்கு: வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி. மூன்று வயது என்றால் மூன்று கரண்டி. அதுவும் பெரிதாகத் தெரிந்தால் ஒரே ஒரு கரண்டி வையுங்கள். இவையெல்லாம் தொடக்க அளவுதான். கேட்டால் இன்னும் வைக்கலாம்.

3. "ஒரு வயசு வரைக்கும் கிண்ணம் கிண்ணமா சாப்பிட்டான். இப்ப வாயைத் திறக்கவே மாட்டேங்கிறான். கண்ணு பட்டுருச்சோ?"

கண்ணும் படவில்லை, ஒன்றும் படவில்லை. பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த பிள்ளை ஒரு வயதில் ஒன்பது கிலோ ஆகிவிடுகிறது. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. அடுத்த வருடத்தில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். அதற்குப் பிறகு ஐந்து வயது வரை வருடத்துக்குச் சுமார் இரண்டு கிலோ. வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் மெதுவாகும். பிள்ளையின் உடம்பு சரியாகத்தான் கணக்குப் போடுகிறது, நாம்தான் பழைய கணக்கிலேயே நிற்கிறோம்.

ஒரு நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். திங்கட்கிழமை மூன்று தோசை சாப்பிட்டவன் செவ்வாய்க்கிழமை அரை தோசையோடு எழுந்துவிடுவான். ஒரு வாரம் முழுக்கச் சேர்த்துப் பாருங்கள், சரியாக வந்திருக்கும்.

4. "போதும்னு சொன்னா நம்பலாமா? விளையாடப் போற அவசரத்துல சொல்றதுதானே அது?"

சில நேரம் அவசரம்தான். இருந்தாலும் நம்புங்கள் என்றுதான் சொல்வேன். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, இந்த மூன்றும் பெரியவர் கையில். அதில் எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளை கையில். அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் பல வருடங்களுக்கு முன்பே இதை ஒரு வேலைப் பிரிவினையாகச் சொல்லிவைத்தார். நான் பார்த்த வீடுகளில் சண்டை வருவது எப்போதும் ஒரே காரணத்தால்தான்: பிள்ளையின் வேலையை அம்மா எடுத்துக்கொள்கிறாள், அம்மாவின் வேலையைப் பிள்ளை எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு என்று அம்மா முடிவு செய்கிறாள், சேமியாவா நூடுல்ஸா என்று பிள்ளை முடிவு செய்கிறது.

அவசரத்தில் "போதும்" என்று எழுந்தால் ஒரே ஒரு தடவை கேளுங்கள்: "வயிறு நிறைஞ்சிருச்சா, இல்ல விளையாடப் போகணுமா?" பதில் எதுவானாலும் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த தீனி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்துகொள்வதுதான் கஷ்டம். அரை மணி நேரத்தில் பசிக்கிறது என்று வந்ததும் பிஸ்கட்டைக் கொடுத்தால் பாடம் முடிந்தது. இரண்டு மணி நேரம் கழித்து நல்ல பசியோடு உட்கார்ந்தால், "போதும்" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைக்கே புரியும்.

5. "தட்டுல வச்சதை மிச்சம் வைக்கக்கூடாதுன்னு சொல்லித்தானே எங்களை வளர்த்தாங்க? சோத்தை வீணாக்கலாமா?"

வீணாக்கக் கூடாது. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஒரு பருக்கை சிந்தினாலும் மனசு கேட்காத வீட்டில் பிறந்தவள் நான். ஆனால் பிள்ளைக்கு வேண்டாத சோற்றைப் பிள்ளை வயிற்றில் போடுவதும் வீண்தான். வீணாகாமல் இருக்க வழி, முதலில் குறைவாக வைப்பது. இரண்டு வாய் வைத்து, தீர்ந்ததும் "இன்னும் வேணுமா?" என்று கேளுங்கள். தட்டும் காலியாகும், பிள்ளைக்கும் ஒரு சந்தோஷம்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சின்ன அளவு, நடுத்தர அளவு, பெரிய அளவு என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். எவ்வளவு வைத்தாலும் அவர்கள் சாப்பிட்டது ஏறக்குறைய ஒரே அளவு. ஐந்து வயதுப் பிள்ளைகளோ, அதிகம் வைத்தபோது அதிகம் சாப்பிட்டார்கள். வயிற்றைக் கேட்டுச் சாப்பிட்ட பிள்ளை, இரண்டே வருடத்தில் தட்டைப் பார்த்துச் சாப்பிடக் கற்றுக்கொள்கிறது. "தட்டைக் காலி பண்ணு" என்று நாம் சொல்லிச் சொல்லித்தான் இது நடக்கிறது என்பது என் எண்ணம்.

பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் தானியம் என்று ஒரே கணக்கு. ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் வயிறு ஒன்றா? ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் பிள்ளை மிச்சம் வைக்கிறது என்று புகார் வந்தால் திட்டாதீர்கள். "கொஞ்சமா வைங்க" என்று பரிமாறுகிறவரிடம் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

6. "போன் காட்டினா மூணு இட்லி உள்ள போகுது. காட்டலைன்னா ஒண்ணு. அப்ப போன் நல்லதுதானே?"

அந்த இரண்டாவது, மூன்றாவது இட்லி பிள்ளைக்குத் தெரியாமல் உள்ளே போனவை. கண் திரையில் இருக்கிறது, வாய் தானாகத் திறக்கிறது. பசி அடங்கிவிட்டதா என்று கவனிக்க ஆளில்லை. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும் என்பார்கள். அதற்குள் போன் மூன்று இட்லியைத் தள்ளிவிடுகிறது.

போனை ஒரே நாளில் நிறுத்தினால் அழுகைதான் வரும். முதல் வாரம் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்துங்கள், வீட்டில் எல்லோரும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். பெரியவர்கள் டிவியையும் அணைக்க வேண்டும். சாப்பாட்டின் அளவு கொஞ்ச நாள் குறையும். 3வது கேள்விக்குச் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு தைரியமாக இருங்கள்.

7. "அளவுன்னா மூணு வயசுக்கு என்ன புரியும்? எப்படிச் சொல்லிக்குடுக்கறது?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பாடமாகச் சொன்னால் புரியாது. விளையாட்டாகவும் கைவேலையாகவும் வந்தால் மூன்று வயதிலேயே புரியும்.

சொப்புச் சாமானில் ஆரம்பியுங்கள். பொம்மைக்குச் சோறு போடச் சொல்லுங்கள். எங்கள் மையத்தில் ஒரு பெண் குழந்தை, மூன்றரை வயது இருக்கும், மணலைச் சொப்புத் தட்டில் குவித்து வைத்தாள். "பாப்பா இவ்வளவும் சாப்பிடுமா?" என்று கேட்டேன். பொம்மையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்பப் பானையில் கொட்டிவிட்டு, "பாப்பாக்கு வயிறு சின்னது" என்றாள். அன்று மதியம் அவளே என்னிடம், "டீச்சர், எனக்குக் கொஞ்சம்" என்றாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேள்விதான் கேட்டேன்.

அடுத்து, பிள்ளையே பரிமாறிக்கொள்ளட்டும். பெரிய கரண்டி கொடுத்தால் கொட்டும். சர்க்கரை டப்பாவில் போடும் சின்னக் குழிக்கரண்டி சரியாக இருக்கும். பொரியலை அகலமான கிண்ணத்தில் வைத்து, "உனக்கு எத்தனை கரண்டி வேணும்?" என்று கேளுங்கள். முதல் நாள் ஐந்து கரண்டி போட்டுக்கொள்ளும், மிச்சம் வைக்கும். திட்ட வேண்டாம். "நேத்து அஞ்சு போட்டே, ரெண்டு மிஞ்சிடுச்சு. இன்னிக்கு எத்தனை?" என்று மறுநாள் கேளுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதில் கணக்குப் பாடமும் நடக்கும். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெரிய அளவாக வைத்தபோது சாப்பிட்டதைவிட, தாங்களே எடுத்துப் போட்டுக்கொண்டபோது பிள்ளைகள் கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டார்கள்.

மூன்று சொற்கள் பிள்ளை வாயில் வர வேண்டும்: "கொஞ்சம் வை", "இன்னும் வேணும்", "போதும்". பேச வராத பிள்ளைக்குக் கை இருக்கிறது. பந்தியில் பெரியவர்கள் இலைக்குக் குறுக்கே கையை நீட்டிப் போதும் என்று காட்டுவார்களே, அதை ஒன்றரை வயதுப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும். அது கையை நீட்டியதும் நீங்கள் கரண்டியை நிறுத்திவிட வேண்டும். பத்துத் தடவை நிறுத்திப் பாருங்கள், கை காட்டினால் அம்மா கேட்பாள் என்று அதற்கு நம்பிக்கை வந்துவிடும்.

8. "ஊட்டி விடறதை எப்ப நிறுத்தணும்? தானா சாப்பிட்டா பாதி தரையிலதான் கிடக்கு."

ஒரு வயதிலிருந்தே கையால் எடுத்துச் சாப்பிட விடுங்கள். ஒன்றரை, இரண்டு வயதில் கிண்ணமும் கரண்டியும் பழகிவிடும். தரையில் ஒரு பழைய துணியை விரித்துவிட்டால் துடைக்கிற வேலை பாதி குறையும்.

ஊட்டுவது அன்பு, அதை அடியோடு விடச் சொல்ல மாட்டேன். ஆனால் "அப்பாவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய்" என்று போய்க்கொண்டே இருந்தால், பிள்ளை ஊரில் உள்ளவர்களுக்காகச் சாப்பிடுகிறது. கடைசி வாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கும், கண்ணில் தண்ணீர் நிற்கும். அதற்கு மூன்று வாய் முன்னாலேயே அந்தப் பிள்ளை "போதும்" சொல்லியிருக்கும். முகத்தைத் திருப்புவது, கரண்டியைத் தட்டுவது, தட்டில் சோற்றைக் கிளறி விளையாடுவது எல்லாம் அந்தச் சொல்தான்.

9. "சோறே வேண்டாம்ங்கிறா. ஆனா நாலு டம்ளர் பால் குடிக்கிறா. பால் சத்துதானே?"

சத்துதான். ஆனால் ஒரு நாளைக்கு மொத்தம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடம் இருக்காது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலிலேயே வளரும் பிள்ளைக்கு ரத்தசோகை வருவது இதனால்தான். சாப்பாட்டுக்கு முன்னால் இருக்கும் பாலை முதலில் நிறுத்துங்கள், புட்டிப் பாலாக இருந்தால் டம்ளருக்கு மாற்றுங்கள். பசி தானாக வரும்.

10. "பிஸ்கட், மிக்சர், ஜூஸுக்கு அளவு என்ன?"

பிஸ்கட்டையும் மிக்சரையும் பாக்கெட்டோடு கையில் கொடுக்காதீர்கள். சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள், கிண்ணம் தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். தினமும் வேண்டாம். நிலக்கடலையை நான்கைந்து வயது வரை முழுசாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்தோ உருண்டைக்கு அரைத்தோ கொடுக்கலாம்.

ஜூஸ் ஒரு வயதுக்கு முன் வேண்டாம். மூன்று வயது வரை ஒரு நாளைக்கு 120 மில்லி என்பது மேல் எல்லை. கட்டாயம் கொடுக்க வேண்டிய அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கொய்யாவோ அரை வாழைப்பழமோ கையில் கொடுத்தால் போதும். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காமலே வளர்த்தால் நல்லது.

11. "காய் சாப்பிட்டா சாக்லேட் தர்றேன்னு சொல்லலாமா?"

வேண்டாம். காய் கஷ்டம், சாக்லேட் பரிசு என்று அதில்தான் பிள்ளை படிக்கிறது. புதுக் காயைப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகே தொடுகிற பிள்ளைகள் நிறைய உண்டு. 2வது கேள்வியில் சொன்ன ஒரு கரண்டியைப் பேச்சில்லாமல் வைத்துக்கொண்டே இருங்கள். நீங்களும் அதையே சாப்பிடுங்கள்.

12. "இன்னும் இன்னும்னு கேட்டுக்கிட்டே இருக்கான். ஏற்கெனவே குண்டா இருக்கான். நிறுத்தலாமா?"

பிள்ளை எதிரில் "குண்டு" என்ற சொல்லை முதலில் நிறுத்துங்கள். அப்புறம் வேகத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு இன்னொரு தோசை கேட்டால், தோசை ஊற்றக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்கட்டும், ஏதாவது பேச்சுக் கொடுங்கள். 6வது கேள்வியில் சொன்ன அந்த 20 நிமிடம் இங்கே உதவும். அதற்குப் பிறகும் கேட்டால் கொடுங்கள், கூடவே சாம்பாரும் காயும் வையுங்கள். பசியோடு இருக்கிற பிள்ளையிடம் இல்லை என்றால், ஒளித்துச் சாப்பிடக் கற்றுக்கொள்ளும்.

போர் அடித்தாலும் அழுகை வந்தாலும் பிள்ளை சாப்பாடு கேட்கும். "இப்ப ஒரு இட்லி குடுத்தா சாப்பிடுவியா?" என்று கேட்டுப் பாருங்கள். பசி என்றால் இட்லிக்கும் சரி என்று சொல்லும். முறுக்குதான் வேண்டும் என்றால், வெளியே கூட்டிக்கொண்டு போய் ஓட விடுங்கள்.

13. "மாமியார் பிள்ளை ஒல்லிக்குச்சியா இருக்கான்னு தினமும் சொல்றாங்க. நீங்க சொல்ற அளவைக் கேட்டா என்னைத் திட்டுவாங்க."

அவர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. அவர்கள் காலத்தில் பிள்ளைக்கு வயிறார இல்லாத நாட்கள் இருந்தன. சண்டை போடாமல், பிள்ளையை எடைபோடும் நாளில் மாமியாரையும் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வளர்ச்சி அட்டையில் புள்ளி பச்சைப் பட்டையில் இருக்கிறதா, கோடு மாதாமாதம் மேலே போகிறதா என்று அவர்களே பார்க்கட்டும். எத்தனையோ பாட்டிகள் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு அமைதியானதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் எடை கொஞ்சம் குறைவு என்றால், அளவைக் கூட்டாமல் அந்த அளவுக்குள்ளேயே சத்தைக் கூட்டுங்கள். ஒரு கிண்ணம் ரசம் சாதத்தில் பாதி தண்ணீர். பிள்ளை வயிறு நிறைந்துவிடும், ஒன்றும் சேராது. அதே கிண்ணத்தில் கெட்டிப் பருப்பும் ஒரு கரண்டி நெய்யும் மசித்த முட்டையும் சேர்ந்தால் கதையே வேறு. பாட்டியிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். "எவ்வளவு" என்பதில் இருந்த அக்கறை "என்ன" என்பதற்கு மாறிவிடும்.

14. "எப்ப டாக்டர்கிட்ட காட்டணும்?"

தொடர்ந்து இரண்டு மூன்று மாதம் எடை ஏறாமல் நின்றால், அல்லது இறங்கினால். புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போனால். மேல் கையின் சுற்றளவு நாடாவில் 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் உடனே காட்டுங்கள், 11.5க்குக் கீழே என்றால் அன்றைக்கே. இது ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான அளவு. விழுங்கும்போது அடிக்கடி புரையேறுவது, மூன்று நான்கு வகை உணவைத் தவிர வேறு எதையும் தொடாமலிருப்பது, சாம்பல், மண், சாக்பீஸ் தின்பது, கண் உள்ளிமை வெளுத்திருப்பது இவற்றையும் விட்டுவைக்காதீர்கள். எடை மிக வேகமாக ஏறினாலும் காட்ட வேண்டியதுதான்.

15. "வீட்ல சரி. கல்யாண வீட்ல என்ன பண்றது?"

பிள்ளைக்குத் தனி இலை வேண்டாம் என்று நினைக்காதீர்கள், தனி இலை என்றால் பிள்ளைக்குக் கொண்டாட்டம். பரிமாறுகிறவர்களுக்குத்தான் அளவு தெரியாது, பெரியவருக்குப் போடுகிற அதே கரண்டியால் போட்டுக்கொண்டு போவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "பிள்ளைக்குக் கால் கரண்டி" என்று நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். கூடுதலாக விழுந்தால் கை வைப்பதற்கு முன் உங்கள் இலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இனிப்பு அன்றைக்குக் கொஞ்சம் கூடினால் ஒன்றும் ஆகாது.

சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்தில், எங்கள் மையத்திலிருந்து பள்ளிக்குப் போன ஒரு பையன் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். சாம்பார் வாளி வந்தது, வாங்கிக்கொண்டான். இரண்டாவது தடவை சோறு வந்தபோது இரண்டு கையையும் இலைக்குக் குறுக்கே நீட்டினான். பரிமாறியவர், "சாப்பிடுடா, வளர்ற பையன்" என்று கரண்டியைக் கொண்டுபோனார். கையை எடுக்கவில்லை. "போதும் மாமா. பாயசம் வரும்ல, அதுக்கு இடம் வேணும்" என்றான்.